அக்கின் புகையும் அச்செய்க் பட்டும்

வாசகி கேட்டது: ரங்கூனில் பன்சொடான் தெருவில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். சம்பளம் வந்த வாரம் எங்கள் பிரிவில் எல்லோரும் பத்தொன்பதாம் தெருவுக்கு அக்கின், அதாவது கரியில் சுட்ட மீனும் கறியும், சாப்பிடப் போவோம். சில மாதம் மாலா என்ற காரமான சீனச் சாப்பாடு. வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்துகிறார். எனக்கு இடுப்பு வரை முடி. இரவில் தலைக்குக் குளித்தால் சளி பிடிக்கும் என்று பாட்டி விடுவதில்லை. தலையணை, போர்வை வரை அந்த வாடை ஏறி மூன்று நாள் இருக்கிறது. செண்ட் அடித்துப் பார்த்தேன், இன்னும் மோசம். போன மாதம் மேலாளருக்கு வழியனுப்பு விருந்து என்று, கல்யாணத்துக்கு எடுத்த அச்செய்க் பட்டுத் தமெயினை, அந்த அலை நெசவுப் பர்மியப் பாவாடையை, கட்டிக்கொண்டு போய்விட்டேன். அதைத் துவைக்கவும் பயம், பெட்டியில் வைக்கவும் பயம். அம்மா வேறு தீமிதிக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிறார். இனிமேல் அலுவலக ஆட்களோடு போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும் அக்கா?

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. துணியில் ஏறிய வாடைக்காக ஒரு பெண் கூட வேலை பார்ப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. 28 வருஷமாக இந்த ஊரில் சலவைக் கடை நடத்துகிறேன். எனக்கு முன்னால் மாமனார் நடத்தினார். பர்மியர்கள் இன்றும் சலவைக்காரரை டோபி என்றுதான் சொல்கிறார்கள். அந்த வார்த்தை இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்களோடு கப்பலில் வந்து இறங்கியது. எத்தனையோ விருந்து வீட்டுத் துணி இந்தக் கையால் போயிருக்கிறது. போகாத வாடை என்று நான் பார்த்தது மிகக் கொஞ்சம். தப்பான முறையில் துவைத்ததால் போகாமல் நின்ற வாடைதான் அதிகம்.

முதலில் அந்த வாடை என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அக்கின் அடுப்பில் மீனும் கோழியும் பன்றியும் வேகும்போது கொழுப்பு உருகிக் கரியில் சொட்டுகிறது. கரிச் சூட்டில் அது சிதறிப் புகையாக எழும்புகிறது. நாம் அதைப் புகை என்று சொல்கிறோம். உண்மையில் அது பொடிப் பொடியான எண்ணெய்த் துளிகளின் மேகம். ஒரு தலைமுடியின் தடிமனை எழுபதாகப் பங்கு போட்டால் எவ்வளவு வரும், அதைவிடச் சின்னத் துளிகள்தான் அதில் அதிகம். காற்றோடு வந்து துணியின் நூலில் ஒட்டிக்கொள்கின்றன. வாடை தரும் பொருள்கள் அந்த எண்ணெய்க்குள் கரைந்து உட்கார்ந்திருக்கின்றன. லேசானவை சில மணி நேரத்தில் பறந்துவிடும். கனமானவை எண்ணெயை விட்டு வராமல், மூன்று நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்துகொண்டிருக்கும். உங்கள் தலையணை சொல்லும் கதை அதுதான். துணியை உதறினால் போவது காற்று மட்டும். எண்ணெயை எடுத்தால்தான் வாடை எடுபடும்.

செண்ட் ஏன் மோசமாக்கியது என்பதும் இதிலேயே இருக்கிறது. செண்டும் எண்ணெய்ச் சார்புள்ள பொருள்தான். துணியில் ஏற்கனவே படிந்த கொழுப்போடு கலந்து அதுவும் அங்கேயே தங்கிவிடுகிறது. மல்லிகை வாசனையும் சுட்ட மீனும் சேர்ந்து வந்தால் யாருக்குத்தான் தலை வலிக்காது? இன்னொன்று, ஒரே வாடையில் கால் மணி நேரம் இருந்தால் நம் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். அதனால் தன் மேல் இருப்பது தெரியாமல் மேலும் மேலும் அடித்துக்கொள்கிறோம். துணி சுத்தமாகிவிட்டதா என்று கடையில் நாங்கள் பார்க்கும் வழி ஒன்று உண்டு. துணியை மூடி போட்ட தகர டப்பாவில் வைத்துவிட்டு வெளியே போய்ப் பத்து நிமிஷம் தெருக் காற்றில் நிற்க வேண்டும். திரும்பி வந்து மூடியைத் திறந்த முதல் மூச்சில் மூக்கு சொல்வதுதான் உண்மை.

அடுத்து, எந்த வாடை என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள். நம் தமிழில் இதற்குத் தனித்தனி வார்த்தை இருப்பது எங்கள் தொழிலுக்குப் பெரிய வசதி. வாடிக்கையாளர் "ஏதோ வாடை" என்றால் நான் விடமாட்டேன். புகையா, கவிச்சியா, சிக்கா, பூண்டா என்று கேட்பேன். நான்குக்கும் மருந்து வேறு.

கவிச்சி என்பது மீன், இறால், ஙப்பி என்ற ஊறிய மீன் விழுது இவற்றின் வாடை. மீன் கெடும்போதும் ஊறும்போதும் உண்டாகும் அமீன் என்ற வகைப் பொருள்கள் அதற்குக் காரணம். அவை காரத் தன்மை உள்ளவை. அதனால் புளிப்பு பட்டால் உப்பாக மாறி, காற்றில் பறக்க முடியாமல் அடங்கிவிடும். மீன் கழுவிய சட்டியை அம்மாக்கள் புளி போட்டுத் தேய்ப்பது இதனால்தான். மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் தெறித்த சட்டைக்கும், பலச்சோங் என்ற காய்ந்த இறால் தொக்கு வறுக்கும் வீட்டில் தொங்கிய துணிக்கும் கடைசி அலசல் நீரில் அரை வாளிக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர் போதும்.

சிக்கு என்பது பழைய எண்ணெய் வாடை. கொழுப்பு காற்றில் கெட்டு அமிலமும் மற்றதும் ஆகும்போது வருவது. இதற்கு வினிகர் உதவாது. சோப்புத் தூளும், பருத்தித் துணியாக இருந்தால் கொஞ்சம் ஆப்பச் சோடாவும் வேண்டும். இங்கே ஒரு தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள். வினிகர் நல்லது, சோடாவும் நல்லது என்று கேள்விப்பட்டு இரண்டையும் ஒரே வாளியில் கொட்டுகிறார்கள். பொங்கி நுரைக்கும், வேலை செய்கிறது என்று தோன்றும். உண்மையில் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு வாளியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். இரண்டும் தேவைப்படும் துணி என்றால் சோடா முதல் தண்ணீரில், வினிகர் கடைசித் தண்ணீரில்.

பூண்டு வாடை தனி. அது துணியில் இருப்பதைவிட உடம்புக்குள் இருப்பதுதான் அதிகம். பூண்டில் உள்ள ஒரு கந்தகப் பொருள் ஜீரணத்தில் உடையாமல் ரத்தத்துக்குப் போய், மூச்சிலும் வியர்வையிலும் மறுநாள் வரை வந்துகொண்டிருக்கும். பல் தேய்த்தாலும் குளித்தாலும் காலையில் லேசாக அடிப்பது அதனால். சாப்பிடும்போதே புதினா இலை, ஆப்பிள், பால் இவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் குறையும். பர்மியச் சாப்பாட்டில் பக்கத்தில் வைக்கும் பச்சை இலைத் தட்டு, தொஸயா என்பார்களே, அதில் புதினா இருந்தால் விடாதீர்கள்.

உங்களுக்குப் பத்தொன்பதாம் தெருவில் ஏறுவது பெரும்பாலும் புகையும் கொழுப்பும். மாலா சட்டியில் ஏறுவது வேறு மாதிரி. கொதிக்கும் குழம்பின் ஆவி அன்னாசிப்பூ, சிச்சுவான் மிளகு, மிளகாய் இவற்றின் வாசனை எண்ணெய்களைத் தூக்கிக்கொண்டு நேராக முகத்துக்கும் மார்புக்கும் வருகிறது. சில கடைகளில் அந்தக் குழம்புக்கு மாட்டுக் கொழுப்பும் சேர்ப்பார்கள். நம் வீடுகளில் அது முக்கியம் என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது. சலவைக்கும் அது முக்கியம். குளிர்ந்த தண்ணீரில் அந்தக் கொழுப்பு உறைந்து நூலுக்குள் இறுகும். பருத்தித் துணியை கை பொறுக்கும் சூட்டு நீரில்தான் ஊற வைக்க வேண்டும்.

சரி, தலைமுடிக்கு வருகிறேன். உங்கள் கஷ்டத்தில் பெரிய பங்கு அதுதான்.

முடி எவ்வளவு இடம் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனிதத் தலையில் சுமார் 1,00,000 முடி. ஒவ்வொன்றும் 0.07 மில்லிமீட்டர் தடிமன், 70 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்தால், எல்லாவற்றின் மேல்பரப்பையும் விரித்தால் சுமார் 15 சதுர மீட்டர் வருகிறது. பன்னிரண்டுக்குப் பதின்மூன்று அடி அறையின் தரை அளவு! எல்லா முடியும் இடுப்பு வரை வராது என்று பாதியாகக் குறைத்தாலும், நீங்கள் கட்டியிருந்த தமெயினைவிட அது பல மடங்கு பெரிய துணி. அந்தத் துணியைத் தலையில் விரித்துக்கொண்டு புகைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் போவதற்கு முன்னாலேயே இறுக்கிப் பின்னி, கொண்டையாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். வெளி அடுக்கு மட்டும் புகை பிடிக்கும், உள்ளே இருப்பது தப்பிக்கும். ஒரு பருத்திக் கைக்குட்டையைக் கொண்டை மேல் கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. இந்த ஊர் வெயிலில் தலையில் துணி கட்டுவதை யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எண்ணெய் வாசனையைப் பிடித்து வைக்கும் பொருள். எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி வைத்தால் எள் அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும். அந்த எள்ளை ஆட்டித்தான் அந்தக் காலத்தில் வாசனை எண்ணெய் எடுத்தார்கள். மல்லிகையை இழுக்கிற எண்ணெய் அக்கின் புகையையும் அதே மாதிரி இழுக்கும். ஆனால் திரும்பி வந்த பிறகு அதே எண்ணெய் உங்கள் பக்கம் வேலை செய்யும். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். முடியில் படிந்த கொழுப்பை ஷாம்பு நேராக எடுக்கச் சிரமப்படும்போது, ஒரு கரண்டி தேங்காயெண்ணெயை நுனி வரை தடவிப் பத்து நிமிஷம் விட்டால், படிந்தது அதில் இளகி வரும். அப்புறம் சீயக்காயோ ஷாம்புவோ போட்டால் இரண்டும் சேர்ந்து கழுவிக்கொண்டு போகும். நம் எண்ணெய்க் குளியலின் சூட்சுமமே இதுதான். பர்மியர்கள் திஞ்ஞான் என்ற புத்தாண்டுக்குத் தலை கழுவப் பயன்படுத்தும் தயோ கின்பூனில் இருக்கும் கின்பூனும் நம் சீயக்காயேதான். தயோ மரப் பட்டையின் வழவழப்போடு சேர்ந்து அது அழுக்கை எடுக்கும், முடியை வறட்டாது. சந்தையில் கிடைக்கிறது. நீளமான முடிக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

பாட்டி சொல்வதற்கு வருகிறேன். சளி கிருமியால் வருவது, ஈரத் தலையால் வருவதில்லை. இருந்தாலும் பாட்டியோடு சண்டை போடச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அவர் பயத்தில் வேறொரு நியாயம் இருக்கிறது. இடுப்பு வரை முடியை ஈரமாக வைத்துக்கொண்டு தூங்கினால் முடி இழுபட்டு உடையும், உச்சந்தலை ராத்திரி முழுக்க ஈரத்தில் வேகும். மழைக் காலத்தில் கரண்டும் இல்லாமல், காற்றாடியும் ஓடாமல் அந்த முடி விடியும்வரை காயாது. நடுவழி ஒன்று சொல்கிறேன். உச்சந்தலையைத் தொடாமல், காதுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் முன்னால் போட்டுக் கழுவுங்கள். புகை அதிகம் படிந்திருப்பது அந்த நீளத்தில்தான். தலை நனையாது, பருத்தித் துண்டில் சுற்றி ஒற்றினால் அரை மணி நேரத்தில் பாதி காய்ந்துவிடும். மேல் முடியை, ஒரு சொட்டு ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, வேரிலிருந்து கீழாக இரண்டு முறை துடையுங்கள். பிறகு வெறும் நீரில் நனைத்த துணியால் ஒரு முறை. முழுத் தலைக் குளியல் காலையில்.

அதுவும் முடியாத அளவு களைப்பாக வந்த இரவில், தலையணை மேல் ஒரு பழைய பருத்தித் துண்டை விரியுங்கள், முடியை இன்னொரு பருத்தித் துணியில் சுற்றிக் கட்டிவிட்டுப் படுங்கள். காலையில் இரண்டையும் துவைக்கப் போடுங்கள். மூன்று நாள் வாடை நிற்பதற்குப் பாதிக் காரணம் தலையணை உறைதான். முதல் இரவில் முடியிலிருந்து அது வாங்குகிறது, நீங்கள் தலைக்குக் குளித்த அடுத்த இரவில் உங்களுக்கே திருப்பிக் கொடுக்கிறது.

மீன் அதிகம் சாப்பிட்ட நாளாக இருந்தால் கடைசிச் செம்புத் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் கலந்து முடியில் ஊற்றி, உடனே வெறும் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு ஊற்றுபவர்களும் உண்டு. அது நெற்றியிலும் கழுத்திலும் தங்கி, அதோடு வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்பளிக்கும். அதனால் எனக்கு வினிகர்தான்.

சாம்பிராணி போடலாமா என்று பாட்டி கேட்பார். கழுவி, ஒற்றி எடுத்த முடிக்குத் தாராளமாகப் போடலாம். கழுவாத முடிக்குப் போட்டால் ஒரு புகை மேல் இன்னொரு புகை.

அன்றாடத் துணிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தி தண்ணீரை விரும்பும் நூல். எண்ணெயைச் சீக்கிரம் விட்டுவிடும். வெதுவெதுப்பான நீரில் சோப்புத் தூள் போட்டு அரை மணி ஊற வைத்துத் துவைத்தால் போதும். பாலியஸ்டர் எண்ணெயை விரும்பும் நூல். அலுவலகத்துக்குப் போட்டுப் போகும் பளபளப்பான மேல்சட்டை பெரும்பாலும் அதுதான், துவைத்த பிறகும் கக்கத்திலும் மார்பிலும் வாடை நிற்பது அதில்தான். ஊற வைப்பதற்கு முன் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு அந்த இடங்களில் தேய்த்து வையுங்கள். சட்டிக் கொழுப்பை எடுப்பதற்கென்றே செய்தது அது. துணி மென்மையாக்கும் திரவத்தை இந்தத் துணிகளுக்குப் போடாதீர்கள். அது நூல் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் விட்டுப் பழைய வாடையை உள்ளே வைத்து மூடிவிடும். அக்கின் சாப்பிடப் போகிற நாளில் பருத்திச் சட்டை, பருத்தித் தமெயின் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

காய வைப்பதில் கவனம் வேண்டும். ஜூலை, ஆகஸ்ட்டில் ரங்கூனில் மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. துணி இரண்டு நாள் ஈரமாகத் தொங்கினால் ஒரு புது வாடை வரும், மக்கிய வாடை. நிறையப் பேர் அதை விருந்து வாடை போகவில்லை என்று நினைத்து மறுபடி செண்ட் அடிக்கிறார்கள். ஈரத்தில் பெருகும் பாக்டீரியா செய்கிற வேலை அது. பருத்தியாக இருந்தால் சுடுநீரில் மறுபடி துவைத்து, ஒரு கை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டுக் காற்றாடிக்கு நேராக வையுங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் இரண்டு மணி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம் ஒரு விதி, இதை என் கடையில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: வாடை இருக்கும் துணியில் இஸ்திரி படக் கூடாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் வெளிர் நிறப் பட்டுச் சட்டையை, பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று துவைக்காமல் தேய்த்துக் கொடுத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கொழுப்பு சூட்டில் நூலோடு இறுகியது. இரண்டு வாரத்தில் மார்பு முழுக்க மஞ்சள் திட்டு. எதைப் போட்டும் எடுக்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு அது கல்யாணச் சட்டை. அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. உங்கள் அச்செய்க்கை நீங்கள் துவைக்கப் பயந்து அப்படியே வைத்திருப்பதாக எழுதியதைப் படித்ததும், நல்ல வேளை என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் விரதம் நடக்கும்போது என்ன செய்வது என்பதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். காப்புக் கட்டியிருக்கும் நாள்கள் கொஞ்ச நாள்தான். அந்த நாள்களில் அக்கின் கடைக்குப் போகாமல் இருங்கள். சிநேகிதர்களிடம் "அம்மா தீமிதிக்கு விரதம், இந்த மாதம் டீக்கடையில் உட்காரலாம்" என்று சொல்லுங்கள். பௌத்த வீடுகளிலும் வா என்ற மழைக்கால விரத மாதங்களில் கறி மீன் தள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். விரதம் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டீயும் சமோசா சாலட்டும் வைத்துக்கொண்டு அதே பேச்சைப் பேசலாம். தீமிதி முடிந்த பிறகு பழையபடி போங்கள். அம்மாவின் விரதத்துக்கு விட்டுக்கொடுப்பது வேறு, வாடைக்கு வெட்கப்பட்டு மனிதர்களை விடுவது வேறு.

மற்ற மாதங்களில் வாசலுக்கு உள்ளே ஒரு பருத்திப் பையைத் தொங்கவிடுங்கள். வந்ததும் உடுப்பு நேராக அதற்குள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்து மக்கிய வாடை ஏறிவிடும். சாமி அறைத் துணி, அம்மாவின் மடித் துணி இருக்கும் அலமாரிப் பக்கம் அந்தப் பை போகவே கூடாது. ஒரு துணியின் கொழுப்பு வாடை மூடிய அலமாரிக்குள் அடுத்த துணிக்குத் தாவும். அம்மா கோபப்படுவது இதற்காக என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

கடையில் எங்கே உட்காருகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பத்தொன்பதாம் தெருவில் அடுப்பு கடைக்கு முன்னால் இருக்கிறது, மேசைகள் தெருவில் இருக்கின்றன. கொஞ்சம் சீக்கிரம் போய், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்து, அதற்கு எதிர்ப் பக்கம் இடம் பிடியுங்கள். அடுப்புக்கு நான்கு மேசை தள்ளி, கூரைத் துணிக்கு வெளியே உட்கார்ந்தால் ஏறுவது பாதியாகிவிடும். மாலா என்றால் மேசையில் சட்டி கொதிக்கும் கடையைவிட, உள்ளே வறுத்துத் தட்டில் கொண்டுவரும் மாலா ஷான் கோ கடை மேல், சமையல்கட்டு தள்ளி இருந்தால்.

இனி அச்செய்க். அலை அலையாக நெய்யும் அந்த நெசவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சின்னத் தறிநாடாக்களைக் கையால் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். அமரபுரா என்ற நெசவு ஊரில் ஒரு துண்டு முடிக்க இரண்டு பேர் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவசரப்பட்டு அதைக் கெடுத்துவிடக் கூடாது. பட்டு, முடி மாதிரியே புரதத்தால் ஆனது. சோடாவும் காரமான சோப்பும் பட்டால் பளபளப்பு மங்கி நூல் நைந்துபோகும். வெயிலில் போட்டால் மஞ்சளிக்கும். செண்ட், ஸ்பிரிட் எதையும் அதன் மேல் தெளிக்காதீர்கள், சாயம் கலங்கும்.

இன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அகலமான மரக் கொடியில் நிழலில் போடுங்கள். காற்றாடி மெதுவாக ஓடட்டும். மூன்று இரவு அப்படியே. நடுவில் ஒரு நாள், நீங்கள் சுடுநீரில் குளித்து முடித்த குளியலறையில், தண்ணீர்த் துளி மேலே விழாத இடத்தில் கால் மணி நேரம் தொங்கவிட்டு மறுபடி காற்றுக்குக் கொண்டுவாருங்கள். நூலில் ஒட்டியிருக்கும் வாடையை அந்த ஈர ஆவி இளக்கிவிடும், பிறகு வரும் காற்று அதை எடுத்துக்கொண்டு போகும். ஆவியோடு நிறுத்திவிட்டுக் காற்றுக் காட்டாமல் மடித்தால் பலன் இல்லை. மூன்று இரவுக்குப் பிறகும் மிச்சம் இருந்தால், ஒரு மூடியுள்ள பெட்டியில் தமெயினை வைத்து, எரியாத கரித் துண்டுகளைத் துணியில் முடிந்து, பட்டின் மேல் படாமல் ஓரத்தில் வைத்து இரண்டு நாள் விடுங்கள். அந்தக் கரியின் நுண்ணிய துளைகள் வாடையை இழுத்துக்கொள்ளும். அப்புறம் தகர டப்பாச் சோதனை.

அதிலும் வாடை தெரிந்தால், அல்லது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால், வீட்டில் எதுவும் செய்யாதீர்கள். அது டிரைகிளீனிங் வேலை. எண்ணெயைக் கரைக்கும் திரவத்தில் முக்கி எடுப்பதால் கொழுப்பு வாடைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வியர்வையும் இனிப்பும் தண்ணீரில் கரைபவை, அந்தத் திரவத்தில் சரியாகப் போகாது. குளிர்பானம் சிந்தியிருந்தால் அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சாயம் ஓடுகிறதா என்று கடைக்காரரை மடிப்பின் உள்பக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமல் வாங்கிப் போடுகிற கடையில் கொடுக்காதீர்கள், என் கடையாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். தேய்க்காமல், பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுபோய், எந்த இடத்தில் என்ன பட்டது, எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். திரும்பி வந்ததும் மேலே போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காற்றில் போட்டுவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள்.